கோட்டையில மரம் எங்கே பாஸ்?

செஞ்சிக்குப் போறவங்க எல்லாரும் கல்லைப் பார்த்துட்டு வருவாங்க. நீங்க ஒரு தடவை மரத்தைத் தேடிப் போங்க. 'கோட்டையில ஏதுப்பா மரம்?'னு கேட்கிறீங்களா... அதேதான் மேட்டர்!

மதில் இருக்கு, மண்டபம் இருக்கு, நெற்களஞ்சியம் இருக்கு, மலை உச்சியில பீரங்கிகூட இருக்கு. ஆனா அத்தனை வாசல்லயும் மாட்டியிருந்த கதவு எங்கே? அகழி தாண்டப் போட்ட பலகை எங்கே? கூரையைத் தாங்கின உத்தரம் எங்கே? கேட்டுக்கிட்டே மலை ஏறுங்க. இறங்கி வரும்போது உங்க ரூமுக்கு ஒரு மேஜைக்கான ஐடியா கையில இருக்கும். தேக்கு வாங்கச் சொல்லி உங்க அப்பா பர்ஸுக்கு வேட்டு வைக்க மாட்டேன். லாரியில சரக்கைச் சுமந்து வந்து, வேலை முடிஞ்சதும் அடுப்புக்குப் போற பேலட் கட்டை போதும்!

மூணு மலை, எட்டு வருஷம்

முதல்ல ஊரைத் தெரிஞ்சுக்குங்க. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல வருது செஞ்சி. ஊரைத் தாண்டின கொஞ்ச தூரத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் ராஜகிரி. கொஞ்சம் தள்ளி மூணாவதா சந்திரகிரி. (ஓசூர்கிட்ட இருக்கிற கிருஷ்ணகிரி வேற பாஸ், குழம்பிடாதீங்க!) மூணு மலையையும் சேர்த்து முக்கோணமா வளைச்சுப் போட்ட மதில், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். யாரோ ராட்சசன் பாறாங்கல்லை லாரி லாரியாக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கும் அந்த மலைங்க.

1677ல சத்ரபதி சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிச்சார். அவர் மகன் ராஜாராம் அடைக்கலம் தேடி வந்தது இங்கேதான். மொகலாயப் படை 1690ல சுத்தி வளைச்சது. கோட்டை விழுந்தது 1698ல! நம்ம பி.இ. படிப்பை அரியர் இல்லாம ரெண்டு தடவை முடிச்சிடலாம், அவ்வளவு காலம். அதுக்குள்ள ராஜாராம் நைஸா தப்பிச்சுப் போயிட்டார்ங்கிறது தனிக் கதை. தெருக்கூத்துல நாம பார்த்த ராஜா தேசிங்கு, 1714ல ஆற்காட்டு நவாப் படையோட மோதி உயிரை விட்டப்போ வயசு 22. ஃபைனல் இயர் முடிச்சுட்டு வேலை தேடுற வயசு!

அப்புறம் 1750ல பிரெஞ்சுக்காரங்க, 1761ல ஆங்கிலேயர். காலப்போக்குல கோட்டைக்கு வேலையே இல்லாமப் போச்சு. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் கோட்டைகள் 12 இடம்பிடிச்சது. பதினொண்ணு மகாராஷ்டிராவுல... மிச்சம் ஒண்ணு நம்ம செஞ்சி!

அந்த ஒத்தைப் பாலம்

ராஜகிரி ஏறுறது விளையாட்டு இல்லை. சுமார் 800 அடி உயரம். படி, படி, படி... நடுநடுவுல 'என்ன கொண்டு வந்தே?'னு பையைச் சோதனை போடற குரங்குங்க. மூச்சு வாங்கி, முழங்கால் கெஞ்சி, உச்சிக்கு வந்துட்டோம்னு நினைக்கும்போது பாறை சட்டுனு ரெண்டாப் பிளந்து நிக்கும். ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையா இருந்த பிளவை வெட்டி இன்னும் பெருசாக்கியிருக்காங்க. இதைத் தாண்ட அந்தக் காலத்துல இருந்தது ஒரே ஒரு மரப்பாலம். எதிரி வந்தா பலகையை இழுத்துக்கிட்டா போச்சு! கீழே ஆயிரம் பேர் நின்னாலும் மேலே சில பேர் சமாளிச்சிடலாம்.

யோசிச்சுப் பாருங்க. இவ்வளவு பெரிய கல் கோட்டையோட உயிர், கடைசியில நாலு மரப்பலகையில இருந்திருக்கு! இப்போ நீங்க நடந்து தாண்டற பாலம் பிற்காலத்துல போட்டது. அந்தப் பழைய பலகை போன இடம் தெரியலை.

கீழே இறங்கும்போது வாசல் கல்லையெல்லாம் உத்துப் பாருங்க. மேலேயும் கீழேயும் வட்டமா ஒரு குழி கண்ணுல பட்டா, அது கதவோட குடுமி சுழன்ற குழி. பக்கச் சுவத்துல சதுர ஓட்டை தெரிஞ்சா, அது குறுக்குக் கட்டை சொருகின இடம். மரம் போயிடும், மரம் உட்கார்ந்த தடம் மட்டும் கல்லுல நிக்கும்.

இது தெரிஞ்ச ராஜா ஒருத்தர் இந்தப் பக்கமே இருந்தார். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போற வழியில உள்ளே தள்ளி இருக்கு மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டுல முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைஞ்சு அங்கே ஒரு கோயில் பண்ணினார். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இதைச் செஞ்சேன்னு கல்வெட்டுல பெருமையா வெட்டி வெச்சிருக்கார். 'மரம் இல்லாம'னு காலரைத் தூக்கி விட்டுக்கிறார்னா, அதுவரைக்கும் கோயில் கட்ட மரம் எவ்வளவு சாதாரணமா இருந்திருக்கும்! அதெல்லாம் கரையான் தின்னது போக, நெருப்பு தின்னது போக, மிச்சத்தை மனுஷன் தூக்கிட்டுப் போயிருப்பான்.

கல்லுக்கும் கால் முளைக்கும்!

கல்லுன்னா தப்பிச்சதுன்னு நினைக்காதீங்க. கோட்டைக்குள்ள வெங்கடரமணர் கோயில்னு ஒண்ணு இருக்கு. நாயக்கர் காலத்துக் கோயில். கோபுரம் நிக்குது, மண்டபம் நிக்குது. ஆனா எங்கெங்கேயோ வெறிச்னு இருக்கும். காரணம் தெரியணும்னா பாண்டிச்சேரி பீச்சுக்குப் போகணும்.

நீங்க எல்லாரும் போட்டோ எடுத்திருப்பீங்க... காந்தி சிலை. அதைச் சுத்தி உயரமா, நுணுக்கமா செதுக்கின எட்டுக் கல் தூண் நிக்குதே, கவனிச்சிருக்கீங்களா? அது செஞ்சியிலிருந்து போனது! பிரெஞ்சுக்காரங்க கையில கோட்டை இருந்தப்போ எடுத்துட்டுப் போனாங்க. முதல்ல அவங்க கவர்னர் டூப்ளே சிலையை அலங்கரிக்க நிறுத்தினாங்க. இப்போ நடுவுல காந்தி நிக்கிறார். சாமிக்குச் செதுக்கின தூண், கவர்னருக்குப் போய், காந்தித் தாத்தாவுக்கு வந்து சேர்ந்திருக்கு. 'பழைய பொருளை வெச்சு அலங்காரம்'னு இப்போ சொல்றோமே, அதை நம்ம ஊர்ல பெரிய லெவல்ல பண்ணினது அவங்கதான்!

ஆனா அது சரியா? இங்கேதான் கொஞ்சம் நிக்கணும். தூண் பாண்டியில அழகாத்தான் இருக்கு. ஆனா செஞ்சியில ஓட்டை விழுந்திருக்கு. வேலை முடிஞ்ச பொருளை எடுத்து உயிர் கொடுக்கிறது ஒண்ணு. உயிரோட இருக்கிற இடத்துல பிடுங்கிட்டு வர்றது வேற ஒண்ணு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணு இல்லை.

காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனா இடிச்ச செட்டிநாட்டு வீட்டுக் கதவு, தூண், ஜன்னல்னு வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. பர்மாத் தேக்கு, இன்னைக்குக் கிடைக்காத சரக்கு. விறகாப் போகாம இன்னொரு வீட்டுக்குப் போகுதேன்னு சந்தோஷப்படலாம். இந்தப் பக்கம் சென்னைக்கிட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவுல பழைய வீடுகளை அப்படியே பிரிச்சு எடுத்துட்டு வந்து, திரும்பக் கட்டி, எந்த ஊர் வீடுன்னும் சொல்றாங்க. 1996லிருந்து நடக்குது. அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். எங்கிருந்து வந்ததுன்னு சொல்ல முடிஞ்சா அது மறுவாழ்வு. சொல்ல முடியாம முழிச்சா... சந்தேக கேஸ்!

ஊர், பேர், முத்திரை!

இப்போ நம்ம ஹீரோ பேலட்டுக்கு வருவோம். ஃபோர்க்லிஃப்ட் கரத்தை உள்ளே விட்டுத் தூக்க வசதியா, பலகையை இடைவெளி விட்டு அடிச்ச தட்டுதான் பேலட். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபேக்டரிகளுக்கு வர்ற மெஷின் எல்லாம் இது மேல உட்கார்ந்துதான் வரும். உடைஞ்சதும் பழைய மரக்கடைக்குப் போகும். அடிக்கடி பார்க்கிற சைஸ் 1200க்கு 1000 மில்லிமீட்டர். வெளிநாட்டுச் சரக்கோட வந்ததுன்னா பெரும்பாலும் பைன் மரம். நம்ம ஊர்ல அடிச்சதுன்னா ரப்பர் மரம், யூகலிப்டஸ்னு கலந்து இருக்கும்.

தேக்கு ஜன்னலுக்கு இல்லாத ஒரு குணம் இந்த ஏழைக் கட்டைக்கு இருக்கு. தன் ஊர், பேரை உடம்புலயே எழுதி வெச்சிருக்கும்! மரத்துல பூச்சி ஒட்டிக்கிட்டு நாடு தாண்டக் கூடாதுன்னு 2002ல ஒரு சர்வதேச விதி வந்தது. அதன்படி ஏற்றுமதி பேலட்டோட பக்கவாட்டுல ஒரு முத்திரை இருக்கணும். கதிர் மாதிரி ஒரு சின்னம், அதுகிட்ட நாட்டுக்கு ரெண்டு எழுத்து (நம்ம நாடுன்னா 'ஐ.என்.'), தயாரிச்சவங்க நம்பர், கடைசியா ரெண்டு எழுத்து. அந்தக் கடைசி ரெண்டுதான் உங்க உயிர்நாடி.

'எச்.டி.'ன்னா சூடு காட்டிப் பூச்சியைக் கொன்னது. மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ், விடாம 30 நிமிஷம். இதைத் தாராளமா எடுக்கலாம். 'எம்.பி.'ன்னா மெத்தில் புரோமைடு, விஷவாயு போட்டது. கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. முத்திரையே இல்லைன்னா? உள்நாட்டுக்குள்ளேயே ஓடினதா இருக்கலாம், ஆனா என்ன சுமந்ததுன்னு கேளுங்க. எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாடை இருந்தா இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம். நீலம், சிவப்புன்னு முழுசா பெயின்ட் அடிச்சிருந்தா, அது வாடகைக்கு விடற கம்பெனிகளோட சொத்தா இருக்கலாம். ஓனர் யாருன்னு தெரியாம தூக்கிட்டு வந்தா அதுக்கு மறுவாழ்வுன்னு பேர் இல்லை, திருட்டுன்னு பேர்!

ராஜகிரி மேஜை ரெடி!

செஞ்சி டவுன்ல ஒரு மரப்பட்டறையில பேச்சுக் கொடுத்தேன். 'பழைய கட்டையில மேஜை பண்ணினா நிக்குமா ஆசாரி அண்ணே?'ன்னேன். சிரிச்சார். 'புது மரத்துக்குத்தான் தம்பி பயப்படணும். பழைய மரம் ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி முடிச்சிருக்கும். இனிமே வளையாது'ன்னார். பச்சை மரம் காயும்போதுதான் சுருங்கும், முறுக்கிக்கும். ஏற்கெனவே காய்ஞ்சு கிடந்தது அடங்கி உட்காரும். மெட்டீரியல் சயின்ஸ்ல நாம ஒரு யூனிட் படிச்சதை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

நாம பண்ணப் போறது சுவத்துல மடிச்சு வைக்கிற மேஜை. வேணும்னா இறக்கலாம், வேண்டாம்னா தூக்கி மாட்டிடலாம். ராஜகிரிப் பாலம் உங்க ரூமுக்குள்ள வந்த மாதிரி! நாலு பேர் தங்கற பத்துக்குப் பத்து ரூமுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

பேலட்டைப் பிரிக்கிறதுதான் கஷ்டமான வேலை. அதுல அடிச்சிருக்கிறது முறுக்கு ஆணி, லேசுல வராது. கடப்பாரையை விட்டு நெம்பினா பலகை பொளந்துடும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஆக்ஸா பிளேடை விட்டு ஆணியையே அறுத்துடுங்க. மிச்சத் துண்டைப் பின்னாடி இருந்து தட்டி எடுங்க. காலுக்கு ஷூ, கைக்கு உறை கட்டாயம். துருப்பிடிச்ச ஆணி குத்தினா நேரா ஊசி போடத்தான் போகணும்.

9 சென்டிமீட்டர் அகலப் பலகை அஞ்சு எடுங்க. 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சா 45 சென்டிமீட்டர் ஆழம் வரும். அடியில ரெண்டு குறுக்குச் சட்டம், ஃபெவிகால் தடவி ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க. இழைப்புளி இருந்தா ஒரு ஓட்டு, இல்லைன்னா உப்புத்தாள் போதும். முதல்ல முரட்டுத்தாள், அப்புறம் நைஸ் தாள். மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தேய்ங்க, தூசு நல்லதில்லை. பேலட்டோட தடிச் சட்டம் ஒண்ணைத் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்துல சுவத்தோட போல்ட் போட்டு இறுக்குங்க. அதுலதான் மூணு கீல் வெச்சுப் பலகையை மாட்டணும்.

இப்போ சங்கிலி. இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் முதல் தடவையா வாழ்க்கையில உதவுது! பலகையோட வெளி ஓரத்துல 10 கிலோ வெச்சா, சங்கிலி எவ்வளவு தாங்கணும்? சங்கிலி 45 டிகிரி சாய்வுல இருந்தா ரெண்டு சங்கிலியும் சேர்ந்து சுமார் 14 கிலோ. சாய்வைக் குறைச்சு 30 டிகிரி ஆக்கினா 20 கிலோ! சுவத்து ஆணியையும் அந்த அளவுக்குப் பிடுங்கி இழுக்கும். அதனால கஞ்சத்தனம் பண்ணாம கீலுக்கு மேலே 45 சென்டிமீட்டர்ல கொக்கி போடுங்க. பிதாகரஸ் சொல்றபடி சங்கிலி நீளம் சுமார் 64 சென்டிமீட்டர். கொக்கி ரெண்டும் பலகையோட அகலத்துக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி இருக்கட்டும். அப்போதான் பலகையைத் தூக்கும்போது இடிக்காது. புத்தகம், லேப்டாப் வெக்கலாம். மேலே ஏறி உட்கார்ந்து அரட்டை அடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!

'சுவத்துல ஓட்டை போட்டா ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டாரே'ங்கிறவங்களுக்கு, கல்யாண மஹால் அடுக்கு. கோட்டைக்குள்ள சதுரமா, மாடி மேல மாடியா, தலையில கூம்புக் கூரையோட நிக்குதே அந்தக் கட்டடம்தான் மாடல். அடித்தட்டு 60 சென்டிமீட்டர், அடுத்தது 50, அப்புறம் 40, உச்சியில 30. கனமான புத்தகம் கீழே, செடித் தொட்டி மேலே. அடி அகலமா இருந்தா சாயாதுங்கிறது அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே புரியும்.

உள்ளே வைக்கிறதுக்கு மெழுகோ வார்னிஷோ ஒரு கோட்டிங் போதும். மொட்டை மாடியில வைக்கிறதா இருந்தா, நம்ம பக்கத்துல ஓட்டு வீட்டு உத்தரத்துக்குக் கரையான் வராம அடிப்பாங்களே முந்திரிக்கொட்டை எண்ணெய், அது நல்ல காவல். கையில பட்டா தோல் புண்ணாகும், ஜாக்கிரதை. சமையல் மேடை, குழந்தைத் தொட்டிலுக்கெல்லாம் மட்டும் பேலட் கட்டை வேண்டவே வேண்டாம்.

போற வழி

சென்னையிலிருந்து திருவண்ணாமலை பஸ் பல செஞ்சி வழியாப் போகும், சுமார் 160 கிலோமீட்டர். ரயில்னா திண்டிவனத்துல இறங்கி பஸ் பிடிங்க. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டைக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். ராஜகிரி ஏறணும்னா காலையிலேயே போயிடுங்க. பிற்பகல்ல மேலே விட மாட்டாங்க, விட்டாலும் வெயில் விடாது. தண்ணி பாட்டில் ரெண்டு. தின்பண்டம் கையில வேண்டாம், குரங்குக்கு டோல் கட்ட வேண்டியிருக்கும். அப்படியே ஒரு நாள் நேரம் இருந்தா மண்டகப்பட்டு, அங்கிருந்து பாண்டி எட்டுத் தூண். ஒரே ரவுண்ட்!

கடைசியா ஒண்ணு...

கோட்டையில கிடக்கிற சின்னக் கல்லைக்கூட 'ஞாபகார்த்தமா'னு பையில போட்டுடாதீங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்துலேர்ந்து எதையாவது எடுத்தாலோ கிறுக்கினாலோ சட்டப்படி 2 வருஷம் வரைக்கும் உள்ளே இருக்கலாம், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதமும் உண்டு. பிரெஞ்சுக்காரங்க எடுத்துட்டுப் போனப்போ கேட்க ஆள் இல்லை. இப்போ இருக்கு. சட்டம் இல்லைன்னாலும் நாம கேட்கணும். எட்டுத் தூண் போன இடம் நமக்குத் தெரியும். கதவும் பாலமும் போன இடம் யாருக்கும் தெரியாது. எழுதி வெக்கலை, அவ்வளவுதான்.

நீங்க எழுதி வையுங்க. மேஜை முடிஞ்சதும் அந்த முத்திரை இருக்கிற துண்டை மட்டும் தேய்க்காம அடிப்பக்கம் பதிச்சு விடுங்க. பக்கத்துல பென்சில்ல எந்தக் கடையில வாங்கினது, என்னைக்குச் செஞ்சது, யார் யார் சேர்ந்து செஞ்சதுன்னு எழுதுங்க. கோட்டைச் சுவத்துல ஹார்ட் போட்டு, அம்பு விட்டு, பேர் எழுதணும்னு கை அரிச்சா, அதையும் இங்கேயே எழுதிக்குங்க பாஸ்... இது உங்க கோட்டை!